பிபிஎல் கையில், சிபிஎல் எழுத்துத் தேர்வு எதிரில்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பிபிஎல் என்பது சொந்தமாக ஓட்டும் உரிமம், சிபிஎல் என்பது தொழிலாக ஓட்டும் உரிமம். சிபிஎல் எழுத்துத் தேர்வு பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவரை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, போன மாதம் பிபிஎல் வாங்கினேன். எட்டுப் பேப்பரில் எதை முதலில் எழுதலாம்?

வாழ்த்துகள் தம்பி. நேவிகேஷனில் தொடங்குங்கள். அது கைவந்தால் ஃப்ளைட் பிளானிங் பாதி முடிந்த மாதிரி. ஏர் லா மனப்பாடம், கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பேப்பரிலும் 75 சதவீதம் வேண்டும். ஒன்றில் 95 எடுத்தாலும் இன்னொன்றின் 70-ஐ அது காப்பாற்றாது. 200 மணி நேரம் சேர்க்கப் பறக்கிறீர்களே, ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கைக் கையால் போடுங்கள்.

லெனேஷியா: டென்சிட்டி ஆல்டிடியூட் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம்) சூத்திரம் தெரியும், மனதில் ஒட்டவில்லை.

உங்கள் ஊரையே எடுப்போம். ஜோஹானஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் 5,558 அடி. பிரஷர் ஆல்டிடியூட் (காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம்) 5,500 என்று வையுங்கள். அந்த உயரத்துக்கு உரிய வெப்பம், கடல் மட்டத்தின் 15-இல் ஆயிரம் அடிக்கு 2 வீதம் 11 போக, 4 டிகிரி. வெளியே 30. வித்தியாசம் 26, டிகிரிக்கு 120 அடி வீதம் 3,120. கூட்டினால் 8,620 அடி. எஞ்சினும் இறக்கையும் அந்த உயரத்துக் காற்றில்தான் வேலை செய்கின்றன. அதே 30 டிகிரியில், கடலை ஒட்டிய எங்கள் டர்பன் விர்ஜினியா விமான நிலையத்தில் 1,800 அடிதான் வரும். இங்கே கற்றவர்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கோடையில் ஜோஹானஸ்பர்க் போகும்போது எனக்கு வயிறு கலங்கும்.

ஃபீனிக்ஸ்: கேள்வி வங்கியை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. எண்ணை மாற்றிக் கேட்டால் நின்றுவிடுவீர்கள்.

டோங்காட்: வடக்கே திரும்பும்போது காம்பஸ் வடக்கைக் காட்டுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று சென்னையில் படித்த அண்ணன் சொல்கிறார். சரியா?

சென்னையில் சரி, இங்கே தவறு. எந்த அரைக்கோளம் என்று முதலில் பாருங்கள்! பூமியின் காந்தம் அங்கே ஊசியின் வட முனையைக் கீழே இழுக்கிறது, இங்கே தென் முனையை. அதனால் திரும்பும்போது காம்பஸ் காட்டும் பிழையும் தலைகீழ். இங்கே வடக்குக்குத் திரும்பினால் காம்பஸ் வடக்கைத் தாண்டிய பிறகு நிறுத்த வேண்டும். தெற்குக்கு, எட்டுவதற்கு முன்பே.

லெனேஷியா: மன்னிக்கவும், நான் படித்த புத்தகமும் அந்த அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறது. அச்சில் வந்தது பொய்யா?

பொய்யில்லை, லண்டனில் அச்சானது. நம்பிக்கை வராவிட்டால் அடுத்த முறை பயிற்றுநரோடு போகும்போது கிழக்கு நோக்கி நேராகப் பறந்து, த்ராட்டிலைக் கூட்டுங்கள். டிஐ (கைரோவால் இயங்கும் திசைகாட்டி) அசையாது. காம்பஸ் மட்டும் தெற்கே திரும்புவதுபோல் காட்டும். சென்னையில் இதே வேலையைச் செய்தால் வடக்கே காட்டும்.

டோங்காட்: அப்படியானால் வேரியேஷனும் (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம்) மாறுமா அக்கா?

இது அரைக்கோளக் கணக்கு இல்லை, இடத்துக்கு இடம் மாறுவது. சென்னையில் ஓரிரு டிகிரி, மறந்தாலும் தப்பிக்கலாம். டர்பன் பக்கம் 20 டிகிரிக்கும் மேல், மேற்கே. மேற்கு என்றால் ட்ரூ (உண்மை வடக்கிலிருந்து அளந்த) திசையோடு கூட்டினால்தான் மேக்னடிக் (காந்த வடக்கிலிருந்து அளந்த) திசை. 20 டிகிரி பிசகினால் 60 நாட்டிகல் மைல் போவதற்குள் சுமார் 20 மைல் விலகியிருப்பீர்கள். நானே கூட்டுவதற்குப் பதில் கழித்து, முதல் தடவை நேவிகேஷனில் தோற்றேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பழைய கேள்விகளை மட்டும் படித்தால்...

ஃபீனிக்ஸ் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

லேடிஸ்மித்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. கிளாஸ் 1 மெடிக்கல் (சிபிஎல்லுக்கு வேண்டிய உடல்தகுதிச் சான்று) கிடைக்குமா?

அதை விமான மருத்துவரிடம் கேளுங்கள் ஐயா. தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

லெனேஷியா: காம்பஸை ஒப்புக்கொள்கிறேன். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் என்பதும் மாறுமா?

மாறும். இங்கே வலப்பக்கம். குளிர்காலத்தில் டர்பனில் பெர்க் காற்று உள்நாட்டிலிருந்து சூடாக அடிக்கும்போது கடலைப் பார்த்து நில்லுங்கள். வலக்கைப் பக்கம், தெற்கே, கரையோரத் தாழ்வு வந்துகொண்டிருக்கும். அதை நோக்கிப் பறப்பவர் க்யூஎன்ஹெச்சை (ஆல்டிமீட்டர் என்ற உயரமானியில் வைக்கும் கடல்மட்ட அழுத்தத்தை) மாற்றாவிட்டால், அழுத்தம் 8 ஹெக்டோபாஸ்கல் குறைந்ததற்கு, ஒன்றுக்கு 30 அடி வீதம், ஆல்டிமீட்டர் 240 அடி கூடுதலாகக் காட்டும். இது மீட்டியராலஜி பேப்பருக்கும் உதவும், இங்கே பறக்கும் நாளுக்கும் உதவும்.