போராட்டக்காரர்கள் என்றாலே கலவரம்தானா?

'போராடட்டும், ஆனால் நாகரிகமாகப் போராடட்டும்' என்பது நியாயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நியாயம்.

கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியாகத்தான் உட்கார வேண்டும் என்றிருந்த அமெரிக்காவின் தென்மாநிலங்களில், 1961-இல் இரு தரப்பினரும் ஒரே பேருந்தில் சேர்ந்து உட்கார்ந்து போனார்கள். போராட்டமே அவ்வளவுதான். அடி வாங்கியதும் அவர்கள்தான். ஆனாலும் அந்த ஆண்டு கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் 61 சதவீதம் பேர் அவர்கள் செய்வதை ஏற்கவில்லை. இதைவிட நாகரிகமாக எப்படிப் போராடுவது?

கறுப்பர்களின் உரிமைகளுக்காக 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வாஷிங்டன் பேரணிக்கு முன்பும் இதே கதை. கலவரம் வரும் என்று நகரமே முடிவுகட்டி, மது விற்பனையை நிறுத்தி, ராணுவத்தைத் தயாராக வைத்திருந்தது. வந்த சுமார் 2.5 லட்சம் பேரும் அமைதியாக வந்து அமைதியாகவே திரும்பினார்கள். (இன்று கண்ணியமான போராட்டத்துக்கு உதாரணமாகக் காட்டப்படுவதும் அதுதான்!)

கல்லெறிவது வேறு, கத்துவது வேறு. முதலாவது குற்றம், எறிந்தவரைப் பிடிக்கலாம். இரண்டாவது வெறும் எரிச்சல். இரண்டையும் ஒன்றாக்கி மொத்தக் கூட்டத்தையும் ரவுடிகள் என்று போலீஸ் நடத்தினால், சும்மா நின்றவர்களும் முரடர்கள் பக்கம் சாய்கிறார்கள். கூட்ட உளவியலில் ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபர்ட் ஸ்டாட் போன்ற ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான்.

எனக்குக் கூச்சல் பிடிக்காது. ஆனால் கோரிக்கை என்னவென்று கேட்பதற்கு முன்பே தொனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பெரும்பாலும் கோரிக்கை வரைக்கும் போகவே மாட்டோம்.