சின்ன பிராண்டு கியர் போடலாமா? மலை சைக்கிள்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

2 வருடம் முன்பு, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத என் ஹார்ட்டெய்ல் சைக்கிளில் இருந்த பழைய 3x9 (முன்னால் 3, பின்னால் 9) கியர் செட்டைக் கழற்றிவிட்டு, மைக்ரோஷிஃப்ட் கம்பெனியின் அட்வென்ட் எக்ஸ் 10 கியர் செட்டை மாட்டினேன். அதைப் பார்த்தவர்கள், கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக உட்கார்ந்து பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கோவை கல்லூரி மாணவர்: அண்ணா, என்னோடது முன்னாடி 3, பின்னாடி 7 கியர் வண்டி. அதே கம்பெனியோட அட்வென்ட் 9 கியர் செட்டை அப்படியே மாட்டிக்கலாமா?

முதலில் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்க தம்பி. நம்ம ஊரில் விற்கும் தொடக்க விலை மலை சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது கேசட் இல்லை, ஃப்ரீவீல். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஃப்ரீவீல் என்றால் பல்சக்கரங்களும் உள்ளே கிர்கிர் என்று சத்தம் போடும் பொறியும் ஒரே உருண்டையாக, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். கேசட்டில் அந்தப் பொறி ஹப்போடு இருக்கும், பல்சக்கரங்கள் மட்டும் வரிவரியான பள்ளங்களில் செருகிக்கொள்ளும். கண்டுபிடிக்க வழி: பின்னோக்கிச் சுற்றும்போது பல்சக்கரங்களுக்கு நடுவே, அச்சுக்கு அருகில் உள்ள கருவி மாட்டும் வளையத்தைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து சுற்றினால் கேசட். அது அசையாமல் நின்று, பல்சக்கரம் மட்டும் அதைச் சுற்றி ஓடினால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் என்றால் புது ஹப், கம்பி, பின்னல் கூலி என்று செலவு கியர் செட்டைத் தாண்டிவிடும். அந்த வண்டிக்கு அது வேண்டாம். ஷிமானோவிலேயே 14-34 பல் கொண்ட 7 கியர் ஃப்ரீவீல் கிடைக்கிறது. உங்களுடையது 28 பல்லோடு நின்றால் இதை மாற்றினாலே ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும். கேபிளும் உறையும் புதிதாக மாற்றுங்கள். மிச்சப் பணத்தை அடுத்த வண்டிக்குச் சேர்த்து வையுங்கள்.

பெங்களூர்: எல்லாரும் 12 கியருக்குப் போகும்போது நீங்க 10 கியருக்கு வந்தது பின்னோக்கிப் போற மாதிரி இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை.

ஷிமானோ டியோர் 12 கியர் கேசட் 10 பல்லில் தொடங்கி 51 பல்லில் முடியும். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 510 சதவீத வீச்சு. அட்வென்ட் எக்ஸ் 11 முதல் 48 வரை, சுமார் 436 சதவீதம். முன்னால் 32 பல் சக்கரம் இருந்தால் டியோரில் மிகக் குறைந்த கியர், அதாவது முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தது, 0.627. அட்வென்ட் எக்ஸில் அதே 0.667. நான் முன்னால் 30 பல் போட்டேன், 0.625 ஆகிவிட்டது. ஏற்றத்தில் இருவரும் சமம்.

அப்போது இழப்பது மேல்முனையில். 29 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால், 30க்கு 11 என்ற கியரில் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் போகலாம். 32க்கு 10 என்றால் 40. காட்டுப் பாதையில் 34க்கு மேல் போகிற இடம் இறக்கம்தான், அங்கே நான் மிதிக்கவே மாட்டேன், பிரேக்கில்தான் விரல் இருக்கும். தார்ச் சாலையில் நண்பர்களோடு விரட்டிப் போகிறவருக்கு இந்த 6 கிலோமீட்டர் உறுத்தும். அவர் 12 கியரே வாங்கட்டும்.

அதே நண்பர்: கியருக்குக் கியர் இடைவெளி அதிகமா இருக்காதா?

இருக்கும். அட்வென்ட் எக்ஸின் வரிசை 11, 13, 15, 18, 21, 24, 28, 34, 40, 48. கடைசித் தாவல் 20 சதவீதம். டியோரில் 45லிருந்து 51க்குப் போவது 13 சதவீதம்தான். ஆனால் அதே டியோரில் 10லிருந்து 12க்குப் போவதும் 20 சதவீதம், அதை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சமதரையில் ஒரே தாளத்தில் மணிக்கணக்காக மிதிப்பவருக்கு இந்தத் தாவல்கள் காலில் தெரியும். வேரும் கல்லுமாக ஏறி இறங்கும் பாதையில் எப்படியும் ஒரே நேரத்தில் இரண்டு கியர் தட்டத்தான் செய்வோம், அங்கே ஒரு தட்டிலேயே வேலை முடிகிறது.

சேலம்: சார், என்கிட்ட நல்ல ஷிமானோ 10 ஸ்பீடு ஷிஃப்டர் சும்மா கிடக்கு. டீரெய்லரும் கேசட்டும் மட்டும் மைக்ரோஷிஃப்ட் வாங்கினா போதுமா?

போதாதுங்க. அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

கைப்பிடியில் இருக்கும் ஷிஃப்டரை ஒரு தட்டுத் தட்டினால் அது கேபிளை இத்தனை மில்லிமீட்டர் இழுக்கும். அந்த இழுப்புக்கு, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லர் இத்தனை மில்லிமீட்டர் நகரும். இந்த விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனிக்குள்ளேயும் மாறும். ஷிமானோவின் மலை சைக்கிள் 9 கியர் டீரெய்லரும் 10 கியர் ஷிஃப்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, பெயர் ஒன்றாக இருந்தும். அட்வென்ட் எக்ஸ் டீரெய்லருக்கு அட்வென்ட் எக்ஸ் ஷிஃப்டர்தான்.

ஷிஃப்டரும் டீரெய்லரும் கணவன் மனைவி, ஜோடியைப் பிரிக்கக் கூடாது. கேசட்டும் செயினும் சொந்தக்காரர்கள்தான், மாறி மாறி வந்து போகலாம். 10 கியர் என்றால் பல்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் பிராண்டுக்குப் பிராண்டு பெரிதாக மாறாது. என் வண்டியில் கேசட் மைக்ரோஷிஃப்ட், செயின் கேஎம்சி. நண்பர் ஒருவர் சன்ரேஸ் 11-46 கேசட் போட்டு ஓட்டுகிறார். எல்லாம் பழைய ஷிமானோ எச்ஜி வகை ஹப்பிலேயே உட்காரும். 10 பல் சக்கரம் வேண்டுமென்றால்தான் ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமின் எக்ஸ்டி என்று புது வகை ஹப் தேடி அலைய வேண்டும். 11 பல்லில் தொடங்குவதன் பெரிய லாபம் இதுதான்: கையில் இருக்கும் சக்கரம் கையிலேயே இருக்கும்.

அட்வென்ட் குடும்பத்துக்கு வெளியே, ஷிமானோ டீரெய்லரோடு ஓடுகிற ஷிஃப்டர்களையும் மைக்ரோஷிஃப்ட் செய்கிறது. எதோடு எது பொருந்தும் என்பதை வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மதுரை: பேரே கேள்விப்படாத கம்பெனி. டூப்ளிகேட் சரக்கா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது என்று தெரியும்.

மைக்ரோஷிஃப்ட் 1999ல் தொடங்கிய தைவான் கம்பெனி, இருப்பது தைச்சுங் வட்டாரத்தில். ஜயன்ட் சைக்கிளின் தலைமையகமும் அங்கேதான். உலகின் நல்ல சைக்கிள்களில் நிறையப் பாகங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பட்டறைகளைத் தொட்டுத்தான் வருகின்றன என்று சொன்னால் மிகையாகாது. சன்ரேஸ் இன்னும் பழையது, 1971. நம் தாத்தா காலத்து ராலே சைக்கிள்களின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பொறித்திருக்கும் அல்லவா, நாட்டிங்ஹாமில் 1902ல் பிறந்த அந்தப் பெயர் 2000லிருந்து சன்ரேஸ் கையில் இருக்கிறது. கேஎம்சி செயின் 1977லிருந்து. டெகாத்லான் சைக்கிள் வைத்திருப்பவர்கள் குனிந்து பார்த்தால் மைக்ரோஷிஃப்ட் பெயர் தென்படலாம். பல வருடம் அதை ஓட்டிவிட்டு என்னிடம் வந்து இது என்ன கம்பெனி என்று கேட்டவர்களும் உண்டு. பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது அமெரிக்கா, கலிஃபோர்னியா. 9 கியரில் 11-50 கேசட் கொடுத்தவர்கள் அவர்கள்.

இன்னொன்று. இன்று ஷிமானோவுக்கு நேர் போட்டியாக நிற்கும் ஸ்ராம், 1987ல் சிகாகோவில் கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் ஒரே ஒரு பொருளோடு தொடங்கிய கம்பெனி. அன்று அவர்களையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

சென்னை: அப்படின்னா ஆன்லைனில் வரும் மலிவு 12 கியர் செட் வாங்கலாமே, அதுவும் சின்ன பிராண்டுதானே?

சின்ன பிராண்டு என்பதற்காக நான் எதையும் வாங்கச் சொல்லவில்லை. மலிவில் 12 கியர் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

8 கியர் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.8 மில்லிமீட்டர். 9 கியரில் 4.34. 10 கியரில் 3.95. 12க்குப் போனால் இன்னும் குறையும். இடம் குறையக் குறைய, தப்புக்கு இடம் குறைகிறது. கேபிள் உறைக்குள் கொஞ்சம் செம்மண் போனாலே போதும், டீரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் ஒரு நூல் வளைந்தாலே போதும், செயின் இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே நின்று சத்தம் போடும். ஷிஃப்டரின் உள்ளே இருக்கும் பற்கள், டீரெய்லரின் மூட்டு, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தால்தான் 12 ஒழுங்காக ஓடும். அந்தத் துல்லியத்துக்குத்தான் பெரிய கம்பெனிகள் காசு வாங்குகின்றன. அதை மலிவில் நகல் எடுக்காமல், 9, 10 கியரிலேயே நின்று, வீச்சை மட்டும் அகலமாக்கியதுதான் அட்வென்ட் வரிசையின் புத்திசாலித்தனம். அட்வென்ட் எக்ஸ் 2020ல் வந்தபோது ஷிஃப்டர், டீரெய்லர், கேசட் மூன்றும் சேர்த்தே 200 டாலருக்குள்தான். அப்போது உச்ச ரக 12 கியர் கேசட் ஒன்றே அதைவிட விலை அதிகம்.

சிங்கப்பூர்: உபின் தீவு கெட்டாம் பூங்காவில் ஓட்டுவேன். என் பிரச்சினை கியர் இல்லை, இறக்கத்தில் செயின் கழன்று விழுவது. இந்த செட் அதைத் தீர்க்குமா?

பெரும்பாலும் தீர்க்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டீரெய்லரின் அடிக்கூண்டு ஸ்ப்ரிங்கில் மட்டும் தொங்கினால், குதிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் வீசப்படும், செயின் தொய்யும், கழலும். இந்த செட்டின் டீரெய்லரில் இருக்கும் கிளட்ச் அதைத் தடுக்கிறது. செயினை இறுக்கும் திசையில் தடையில்லாமல் விடும், தொய்யும் திசையில் உரசிப் பிடித்துக்கொள்ளும். அட்வென்ட் டீரெய்லர்களில் இதற்கு ஒரு சின்ன நெம்பு இருக்கிறது, சக்கரம் கழற்றும்போது அணைத்துவிட்டு மாட்டியதும் போட வேண்டும்.

மாட்டியதும் போட வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை பஞ்சர் ஒட்டிவிட்டு, நெம்பைப் போட மறந்து முழு இறக்கமும் வந்தேன். செயின் சட்டத்தில் தடதடவென்று அடித்த சத்தத்தில், புது செட் உடைந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

கூடவே முன் பல்சக்கரம் ஒன்றாக, ஒரு பல் தடித்தும் ஒரு பல் மெலிந்தும் மாறி மாறி வரும் வகையாக இருக்கட்டும். செயினின் அகன்ற கண்ணியும் குறுகிய கண்ணியும் அதனதன் பல்லில் உட்கார்ந்துவிடும். 3 பல்சக்கர முன் கியரை வைத்துக்கொண்டு கிளட்ச் மட்டும் போட்டால் பாதி வேலைதான்.

திருச்சி: புது அட்வென்ட் எக்ஸ் மாட்டியாச்சு. 48 பல்லுக்கு ஏறவே மாட்டேங்குது, ஏறினா கரகரன்னு சத்தம். திருப்பி அனுப்பவா?

அனுப்பாதீங்க. நூற்றுக்குத் தொண்ணூறு ஹேங்கர் வளைவுதான். புது சைக்கிளிலேயே வளைந்திருக்கும், லாரியில் வரும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். அதை நிமிர்த்துகிற கருவி உள்ள கடையில் கொடுத்து முதலில் அதைப் பாருங்கள். கண்ணால் பார்த்து நேராகத்தான் இருக்கிறது என்பவரை நம்பாதீர்கள்.

அடுத்தது பி ஸ்க்ரூ. டீரெய்லரின் மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அது முடிவு செய்கிறது. உரசுகிற அளவு நெருங்கினால் கரகர, ரொம்ப விலகினால் ஏறத் தயக்கம். பழைய 34 பல் கேசட்டுக்கு வைத்த பழக்கத்தில் வைத்தால் 48க்குச் சரிவராது, செட்டோடு வரும் குறிப்பில் சொன்ன தூரத்தை வைத்துப் பாருங்கள். செயின் நீளமும் அதே குறிப்புப்படி. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், பின் ஸ்ப்ரிங்கை முழுக்க அமுக்கி வைத்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய குழியில் டீரெய்லர் பிய்ந்துவிடும். பழைய கேபிளையே விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

நுவரெலியா: அண்ணை, இங்க உதிரிப்பாகம் கிடைக்கிறது கஷ்டம். தேய்ஞ்சால் என்ன செய்யிறது?

செயினும் கேசட்டும்தான் முதலில் தேயும், அவை இரண்டும் எந்தப் பிராண்டிலும் எடுக்கலாம் என்பதால் பயப்பட வேண்டாம். தனியாகத் தேட வேண்டியது ஷிஃப்டர், டீரெய்லர், அதன் உருளைகள். கல்லில் அடிபடும் பொருள் டீரெய்லர் என்பதால், ஊரிலிருந்து வருகிறவர்களிடம் ஒன்று கூடுதலாகச் சொல்லி வாங்கி வையுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் இரண்டு.

கேசட் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். அட்வென்ட் எக்ஸில் பெரிய பல்சக்கரம் அலுமினியத்தில் வரும் வகையும் உண்டு, எல்லாமே எஃகில் வரும் வகையும் உண்டு. உங்கள் ஊரில் வீட்டைவிட்டு இறங்கினாலே ஏற்றம், நாள் முழுக்கப் பெரிய பல்லிலேயே இருப்பீர்கள். அலுமினியம் சீக்கிரம் தேயும். கனத்தைப் பார்க்காமல் எஃகை எடுங்கள். செயின் அளக்கும் தகடு ஒன்று வாங்கி, 0.5 சதவீதம் நீண்டதும் செயினை மாற்றிவிட்டால் ஒரு கேசட்டுக்கு மூன்று செயினாவது ஓட்டலாம்.

சென்னை, இன்னொருவர்: எடை?

கூடும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உங்கள் எடையைப் பாருங்கள், அந்த அளவு.

ஏற்காடு: 11 வயசு பொண்ணுக்கு 24 அங்குல மலை சைக்கிள் வாங்கினேன். திருகு கைப்பிடி ஷிஃப்டர் அவளுக்குக் கஷ்டமா இருக்கு, ஏற்றத்தில் இறங்கித் தள்ளறா. அவளுக்கு எது?

அக்கோலைட். அதே மைக்ரோஷிஃப்டின் 8 கியர் வரிசை. 20, 24 அங்குலச் சக்கரத்துக்கென்றே குட்டையான டீரெய்லர் அதில் உண்டு. பெரிய வண்டியின் நீளக் கூண்டை மாட்டினால் சின்னச் சக்கரத்தில் அது தரையைத் தொடும் தூரத்தில் தொங்கும், முதல் கல்லிலேயே அடிபடும். முன்னால் ஒரே பல்சக்கரம், 28 பல் அல்லது 30 பல், பெடல் மாட்டும் கிராங்க் கால் நீளத்துக்கு ஏற்றபடி குட்டையாக. முன் ஷிஃப்டரைக் கழற்றி எறிந்துவிடுங்கள், இரண்டு கையிலும் கியர் என்பது அந்த வயதில் குழப்பம்தான். ஆனால் அவள் சைக்கிளில் ஃப்ரீவீல் இருக்கிறதா கேசட்டா என்று முதலில் கோவைத் தம்பிக்குச் சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன், யாராவது ஒருவர் வண்டியில் தட்டும் ஷிஃப்டர் இருந்தால் அவளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பல்லுக்கு ஏற்றும்போது கட்டைவிரல் நெம்பை முழுக்கத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் கைப்பிடிக் கம்பியில் ஷிஃப்டரைக் கை பிடிக்கும் இடத்துக்கு இன்னும் அருகே நகர்த்திக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.