பாறையைச் சுட்டால் உயிர் தெரியுமா?

செவ்வாயில் உயிரைத் தேடும் வேதியியல் கருவிகள் பற்றி வந்த கேள்விகளில் நான்கு.

செவ்வாயில் ஓடும் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர் பாறையை எப்படி ஆராய்கிறது?

அதன் வயிற்றுக்குள் ‘சாம்’ என்ற 40 கிலோ ஆய்வகமே இருக்கிறது. பாறைத் தூளைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு அடுப்பில் சுடும். கிளம்பும் ஆவியை ஹீலியம் ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். குழாய்ச் சுவரோடு அதிகம் ஒட்டும் மூலக்கூறு தாமதமாக வெளியே வரும். அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அதை உடைத்து, துண்டுகளின் எடையை வைத்து ஆளை அடையாளம் காணும்.

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் ஏன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை?

இது நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் கதை. வைக்கிங்கில் ஊட்டக் கரைசலை மண்ணில் விட்டுப் பார்த்த ஒரு சோதனையில் வாயு வெளிவந்தது. ‘உயிரோ’ என்று தோன்றியது. ஆனால் மண்ணைச் சுட்டுப் பார்த்த கருவியில் குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன் மட்டுமே கிடைத்தன. அவை பூமியில் கலத்தைச் சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று முடிவு கட்டினார்கள். 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடேறினால் இது ஆக்சிஜனை விட்டு, கூட இருக்கும் கரிமப் பொருளை, அதாவது உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்மங்களை, எரித்துவிடும். செவ்வாயைப் போல வறண்ட, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவன மண்ணோடு பெர்குளோரேட்டைக் கலந்து சுட்டபோது அதே இரண்டு குளோரின் சேர்மங்களும் வந்தன! தேடிய பொருளைத் தேடும் முறையே அழித்திருக்கலாம்.

கருவியே பூமியின் அழுக்கைக் கொண்டுபோயிருந்தால்?

அப்படி நடந்தே இருக்கிறது. சாமுக்குள் வைத்திருந்த ஒரு வினைபொருள் கசிந்து, அதன் ஆவி எல்லாச் சோதனையிலும் தலைகாட்டியது. அதனால்தான் வெறும் கிண்ணத்தையும் சுட்டுப் பார்த்துக் கழித்துக்கொள்கிறார்கள். கம்பர்லேண்ட் என்ற செவ்வாய்க் களிமண் பாறையில் குளோரோபென்சீன் என்ற கரிம மூலக்கூறு இருப்பது அப்படித்தான் உறுதியானது. அதே தூளில் டெக்கேன் முதல் டோடெக்கேன் வரையான நீண்ட கார்பன் சங்கிலிகள் இருப்பது 2025இல் வெளியானது.

சரி, கரிம மூலக்கூறு கிடைத்தால் உயிர்தானே?

இல்லை. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன, உயிர் கிடையாது. நான் பார்ப்பது ‘கை’யை. அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை என இரு வடிவம் உண்டு. உயிரில்லாத வேதியியல் பெரும்பாலும் இரண்டையும் ஏறக்குறைய சமமாகத் தரும். நம் புரதங்கள் இடக்கையை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. செவ்வாய்க்குப் போகவிருக்கும் ஐரோப்பாவின் ரோசலிண்ட் பிராங்க்ளின் ரோவரின் ‘மோமா’ கருவி இதைப் பிரித்துப் பார்க்கும். கதிர்வீச்சு எளிதில் எட்டாத 2 மீட்டர் ஆழம்வரை அந்த ரோவர் துளையிடும்.