மீத்தேன் ஆராய்ச்சி படிக்க ஆசைப்படும் பெண்ணின் அப்பாவுக்கு

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், மீத்தேனை மெத்தனாலாக்க, நொதி மாதிரி வேலை செய்யும் உலோக வினையூக்கி (வினையை வேகப்படுத்தும் பொருள்) பற்றி ஆராய்ச்சி செய்யணும் என்கிறாள்; பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா?

முதலில் அவள் எதைச் சொல்கிறாள் என்று பாருங்கள். மீத்தேன் லேசில் மசியாது. அதன் ஒரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு 439 கிலோஜூல் வேண்டும். அதை மெத்தனால் ஆக்க, ஆலைகளில் 700 டிகிரிக்கு மேல் நீராவியோடு வினைப்படுத்தி, வரும் வாயுவை மறுபடி உயர் அழுத்தத்தில் வினைப்படுத்துகிறார்கள். சில பாக்டீரியாக்களோ இரும்பு அல்லது செம்பு உள்ள நொதியால் சாதாரண வெப்பத்திலேயே முடித்துவிடுகின்றன. அந்த உலோகத்தையும் அதைச் சுற்றிய அமைப்பையும் சிறு மூலக்கூறாகச் செய்து பார்ப்பதுதான் இந்தத் துறை.

சிக்கல் எங்கே? மெத்தனாலில் உள்ள பிணைப்பு மீத்தேனில் உள்ளதைவிட எளிதில் உடையும். அதனால் வினையூக்கி, கிடைத்த மெத்தனாலையே தாக்கி கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டுபோய்விடும். இரும்பு உள்ள இரண்டு வினையூக்கி மூலக்கூறுகள் ஆக்சிஜன் பாலத்தால் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். உலோகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் மூலக்கூறான ஈனியே ஆக்சிஜனேற்றமாகிச் சிதையும். ஆக்சிஜன் கொடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால், கழன்று வந்த இரும்பே தனி உறுப்புகளை (எதையும் சட்டென்று தாக்கும் மூலக்கூறுத் துணுக்குகளை) உண்டாக்கி விளைச்சலைக் கூட்டிக் காட்டும். வினையூக்கிக்கு அதில் பங்கே இருக்காது. அதனால் உலோகம் இல்லாமல் ஒரு முறை, ஈனி இல்லாமல் வெறும் இரும்பு உப்போடு ஒரு முறை என்று ஒப்பீட்டுச் சோதனை செய்தே ஆகணும். இந்தப் பொறுமை அவளிடம் இருக்கிறதா என்பது மதிப்பெண்ணைவிட முக்கியம்.

வழி: ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. சேர்க்கைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. 100 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் பகுதிக்கு மட்டும் தவறுக்கு மதிப்பெண் கழிப்பார்கள். வேதியியல் தாளில் கணிதமும் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கேதான். தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று கதவு திறக்கும். எம்.எஸ்சி.க்குப் பின் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பி.எஸ்சி.க்குப் பின் மொத்தம் 7 ஆண்டு ஆகும் என்று மனதைத் தயார்ப்படுத்துங்கள்.

மீத்தேனுக்கென்றே வேலை குறைவுதான், மறைக்க வேண்டாம். ஆனால் காற்றுப் படாமல் சேர்மம் தயாரிப்பது, வாயு நிறப்பகுப்பில் (கலவையைப் பிரித்துப் பார்க்கும் கருவி முறையில்) அளப்பது தெரிந்தவர்களை மருந்து, சுத்திகரிப்பு நிறுவனங்கள் எடுக்கின்றன. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் தரக்கட்டுப்பாட்டு வேலை உண்டு. பி.எட். எங்கும் ஓடிவிடாது, எம்.எஸ்சி. முடித்தும் சேரலாம். இப்போதைக்கு பழைய ஜாம் வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள், கணிதக் கேள்விகளைத் தள்ளிவிடாமல்.