கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்கள் எதற்கு?

கேள்வி: எங்களுடையது கோபி பக்கம் ஒரு சின்ன ஊர். நானும் வீட்டுக்காரரும் பெருந்துறை சிப்காட்டில் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகள். ஸ்டார் வாங்குவது, குடில் செட் வாங்குவது, துணி எடுப்பது, பலகாரம் சுடுவது, வீடு கழுவுவது என்று 23, 24 தேதிகளில் உயிர் போய் உயிர் வருகிறது. 25 காலையில் கோயிலுக்குப் போய் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறோம். அமுச்சி காலத்தில் டிசம்பர் முழுக்கப் பண்டிகையாக இருந்ததாம். இப்போது ஏன் அப்படி இல்லை? வேலைக்குப் போகிறவர்களுக்கு முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
— வாசகி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: ஏன் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்து வேலை எழுதியிருக்கிறீர்கள், ஐந்துக்கும் 23, 24 என்றே தேதி போட்டிருக்கிறீர்கள். அதில் மூன்று, கடையில் காசு கொடுத்து வாங்குவது. இரண்டு நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மாதம் முழுக்கப் பண்டிகை இல்லையே என்றால் எப்படி இருக்கும்?

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. எந்த வருடமானாலும் நாலு ஞாயிறு, குறைந்தது 22 நாள். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விஷர்ன் என்ற போதகரை, கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டு நச்சரித்தார்கள். ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நாலும், மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்ற வைத்தார். இன்று கோயில்களில் பார்க்கிற திருவருகை வளையம் அதிலிருந்து வந்ததுதான். காத்திருக்கிற பிள்ளைகளுக்கு நாளுக்கொரு வேலை கொடுத்தார், அவ்வளவே. உங்கள் வீட்டில் விட்டுப்போனது அந்த வேலைதான். இரண்டே இரண்டு காரியம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள். மற்றதைக் கைவிட்டால் குடி முழுகிப்போகாது.

முதல் காரியம் குடில். பஞ்சைப் பனியாகத் தூவி, பிளாஸ்டிக் பைன் மரம் நட்டு வருகிற குடில் செட்டை இந்த வருடம் வாங்காதீர்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. கட்டுத்தரை தெரிந்த நமக்கு அதைச் செய்ய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரும்புச் சோகை உங்கள் பக்கம் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, அடிப்பக்கத்தைச் சணலால் கட்டி, கீழ் வரிசையிலிருந்து மேலாக வேய்ந்து வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் கட்டு வெளியே தெரியும். சோகையின் ஓரம் கையைக் கிழிக்கும், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கிளுவைக் குச்சி ஒடித்து வேலி கட்டுகிற வேலை இருக்கிறது. மாடு கடையில் வாங்குவதானால் திமில் வைத்த காங்கேயம் காளையாக, மண்ணில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த சோகை பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் உள்ளே மெழுகுவர்த்தி கூடாது, சூடேறுகிற குண்டு பல்பும் கூடாது. எல்.இ.டி. சீரியல் செட் போதும், படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

தொட்டியைக் காலியாக வையுங்கள். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் எடுத்துப் போடட்டும். 24 இரவுதான் குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது சிலையை, அதில் வைக்க வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் பல நாடுகளில் இருக்கிற பழைய வழக்கம் இது. வைக்கோல் குறைவாக இருந்தால் குழந்தைக்குக் குத்தும் என்று பிள்ளைகளே கணக்குப் பார்ப்பார்கள்.

குடிலைச் சுற்றி வைக்கப் பசும்பயிர். டிசம்பர் 13, புனித லூசியா நாள். ஹங்கேரியிலும் குரோவேஷியாவிலும் அன்று தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸுக்கு வளர்ப்பார்கள். முளைப்பாரி போடுகிற ஊர்க்காரர்களுக்கு இது கைவந்த கலை. ராகி என்றால் 12 இரவே ஊறப் போட்டு, காலையில் ஈரத்துணியில் முடிந்து, மறுநாள் முளை கண்டதும் விதையுங்கள். ஒரு அடி சதுரத் தட்டுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி ராகி தாராளம். இரண்டு அங்குலம் சலித்த செம்மண்ணும் மக்கிய எருவும் பாதிக்குப் பாதி. தட்டின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். முதல் இரண்டு நாள் துணி போட்டு மூடுங்கள், பிறகு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இருட்டிலேயே விட்டால் வெளுத்து, நீண்டு, 24 அன்று சாய்ந்து படுத்துவிடும். மார்கழிக் குளிரில் மண் லேசில் காயாது, அதனால் காலையில் ஒரு முறை கையால் தெளித்தால் போதும். இரண்டு வேளை ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் வெள்ளைப் பூஞ்சை பிடித்துத் தண்டு அடியோடு அழுகுகிறது. விதையைக் கொட்டிவிட்டாலும் இதே கதிதான், காற்று புகாது. 25 அன்று ராகி இரண்டு அங்குலம் நிற்கும். இன்னும் உயரம் வேண்டுமென்றால் கோதுமை, அது அதே நாட்களில் நாலைந்து அங்குலம் வந்துவிடும்.

இரண்டாவது காரியம் பலகாரம். ஐந்து வகை வேண்டாம், ஒன்று போதும். அச்சு முறுக்கைச் சொல்வேன். இரண்டாவது அல்லது மூன்றாவது ஞாயிறு மதியம் சுடுங்கள். 24 ராத்திரி அடுப்படியில் நின்று சுட்டதை 25 அன்று யாரும் ஆசையாகத் தின்பதில்லை, சுட்டவர் நிச்சயமாகத் தின்பதில்லை.

பச்சரிசி மாவு இரண்டு கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், முட்டை இரண்டு, கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முதல் தேங்காய்ப்பாலை ஒன்றேகால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரண்டியின் முதுகில் ஊற்றினால் படிந்து நிற்க வேண்டும், விரலால் கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. கரைத்து அரை மணி நேரம் வைத்தால் மாவு பாலைக் குடித்து இறுகும், அப்போது ஒரு கை பால் தெளித்துக்கொள்ளலாம். கெட்டியாக இருந்தால் முறுக்கு தடித்து நமத்துப்போகும். நீர்த்திருந்தால் எண்ணெயிலேயே உடையும். சர்க்கரை கூடினால் வேகும் முன்னே கறுத்துவிடும்.

தகராறு எல்லாம் அச்சில்தான். புது அச்சை ஒரு ராத்திரி கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி ஒரு நாள் வையுங்கள். பழைய அச்சைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் காய்ந்ததும் அச்சை அதிலேயே மூன்று நிமிடம் வைத்து எடுத்து, வடித்துவிட்டு, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்குங்கள். ‘சுர்’ரென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் அச்சு ஆறிவிட்டது, மாவு பிடிக்காது. மேல் விளிம்பு வரை முக்கினால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெயில் பதினைந்து, இருபது விநாடி பிடித்து மெல்ல உதறினால் பூவாகக் கழன்று மிதக்கும். அடம்பிடித்தால் ஒரு குச்சியால் ஓரத்தில் தொட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அச்சை எண்ணெயில் அரை நிமிடம் சூடாக்கிவிட்டே அடுத்ததை முக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வீணாகும், அது அச்சு பதப்படுகிற கணக்கு, அதைப் பார்த்து மாவை மாற்றாதீர்கள்.

எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. சூட்டோடு தூக்குப்போசியில் போட்டு மூடினால் வேர்த்து மறுநாளே நமத்துவிடும். நன்றாக ஆறிய பிறகு போட்டு இறுக மூடினால் பதினைந்து நாள் தாங்கும். அன்றைக்கே பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு கொடுங்கள், பிள்ளைகளுக்குத் தினம் ஒன்று கொடுங்கள். எல்லாவற்றையும் 25-க்கென்று பரண் மேல் ஏற்றிவைப்பதுதான் டிசம்பரை வறளச் செய்கிறது. கேக்கைப் பேக்கரியில் சொல்லிவைத்து வாங்குங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஸ்டாரை டிசம்பர் 1 அன்றே கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது என்பதால் காகித ஸ்டார் திண்ணைக் கூரைக்குள்ளே தொங்கட்டும். வயர் ஹோல்டருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் இறங்காது. 5 வாட் எல்.இ.டி. பல்பு போதும், அதுவும் காகிதத்தில் படக் கூடாது.

கீத பவனி உங்கள் வீட்டுக்கு என்றைக்கு என்று சபையில் முன்பே கேட்டு, காலண்டரில் குறித்துவையுங்கள். வருகிறவர்கள் பல வீடு பாடி, தொண்டை கட்டி, பனியில் நனைந்து வருகிறார்கள். அவர்களுக்குக் குளிர்பானம் உடைத்துக் கொடுப்பது சரியில்லை. பத்துப் பேருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டிய சுக்கு 20 கிராம், கொத்தமல்லி விதை மூன்று மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை 150 கிராம் போட்டு வடிகட்டுங்கள். பால் ஊற்றாதீர்கள், சில நாட்டுச் சர்க்கரைக்குக் கொதியில் பால் திரிந்துவிடும்.

வீடு கழுவுவதை 20-ஆம் தேதிக்கு முந்தின ஞாயிறுக்குத் தள்ளுங்கள். துணியை நவம்பரிலேயே எடுத்துவிடுங்கள். 24 அன்று மிச்சம் இருக்கிற ஒரே வேலை, குழந்தையைத் தொட்டியில் வைப்பது.

குடிலை 26 அன்றே பிரிக்க வேண்டாம். குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் சுரூபம் ஜனவரி 6 அன்றுதான் தொட்டிக்கு வந்துசேர வேண்டும், அதுவரை ஜன்னல் ஓரத்திலிருந்து தினம் ஒரு சாண் நகர்த்துவது சின்னவனுடைய பொறுப்பாக இருக்கட்டும். அதற்குப் பிறகு சோகையை எருக்குழியில் போட்டுவிட்டு, பயிரை மாட்டுக்கு அறுத்துப் போடுங்கள். தட்டில் சோளம் மட்டும் விதைக்காதீர்கள், இளஞ்சோளத்தில் மாட்டைக் கொல்கிற விஷம் உண்டு.