வேலிக்கால் குழி எடுக்க இயந்திரம் நல்லதா, கடப்பாரை நல்லதா?

பலர் வாடகைக்கு எடுக்கும் 'ஆகர்' என்பது திருகு வடிவ அலகு சுழன்று மண்ணை அறுத்து மேலே தள்ளும் இயந்திரம். எது நல்லது என்பதை உங்கள் மண்தான் முடிவு செய்யும்.

கல் இல்லாத செம்மண் என்றால் ஆகர் வேகமாக இறங்கும். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல காடுகளில் மேல்மண் கொஞ்சம்தான். கீழே சரளை, அப்புறம் பாறை. ஆகரால் மண்ணை அறுக்க முடியும், கல்லை உடைக்க முடியாது. மரத்தில் இறங்கும் திருகாணி கருங்கல்லில் இறங்குமா? அலகு கல்லில் சிக்கினால் சுழலும் விசை முழுவதும் பிடித்திருப்பவர் கையை முறுக்கும். இது உண்மையிலேயே ஆபத்து. அங்கே கடப்பாரையால் நெம்புவதே சரி. காய்ந்த மண் என்றால் முதல் நாளே தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

அதனால் வாடகை பேசும் முன் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள்.

குழி அகலமாக இருந்தால் கால் உறுதியாக நிற்கும் என்பது தவறு. 6 அடிக் காலுக்கு 2 அடி ஆழமும், சுற்றிலும் கெட்டியாக இடித்த மண்ணும்தான் பிடிப்பு.