டாக்சிசைக்ளின் மாத்திரையை மஞ்சள் மிளகுப் பாலோடு கொடுக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், கால் விரலில் புண், சீழைச் சோதித்ததில் எம்ஆர்எஸ்ஏ கிருமி, அதாவது பெனிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் ஆன்டிபயாட்டிக்குக்கு வேகம் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, அம்மா ராத்திரி மாத்திரையை மஞ்சள் மிளகுப் பாலோடு கொடுக்கிறாராம்.

மாத்திரையைப் பாலோடு கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். மஞ்சள் மேல் குற்றமில்லை, சிக்கல் பாலில்தான். பாலிலுள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ரத்தத்தில் சேரும் மருந்து குறைந்துபோகிறது. இரும்புச்சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் வகை மருந்தும் இதையேதான், இன்னும் அதிகமாகவே செய்யும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்கச் சொல்லுங்கள், உடனே படுக்க வேண்டாம், தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பால் வேண்டுமென்றால் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி.

சரி, அந்தச் செய்தி முழுப் பொய்யா? இல்லை, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் சவ்வில் நார்-ஏ என்றொரு பம்ப் இருக்கிறது, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்தப் பம்பை அடைக்கிறது, அப்போது சிப்ரோஃப்ளாக்சசின் குறைந்த அளவிலேயே வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். மரமஞ்சள் (சமையல் மஞ்சள் அல்ல, வேறு செடி) இனச் செடிகள் இன்னும் அழகு: கிருமியைத் தாக்கும் பெர்பெரினோடு, பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் அவையே வைத்திருப்பதை 2000இல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்தத் துறையில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் எம்ஆர்எஸ்ஏ பெனிசிலின் வகை மருந்துகளை ஏமாற்றுவது பம்பால் அல்ல, மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதத்தையே மாற்றி வைத்துக்கொள்வதால். பூட்டையே மாற்றியவனிடம் கொல்லைக் கதவை அடைத்து என்ன பயன்? அப்புறம், ஆய்வகத் தட்டில் பிரித்தெடுத்த பைப்பரினைக் கிருமியின் மேலேயே அளந்து விடுகிறார்கள். உங்கள் அம்மா போடும் கால் ஸ்பூன் மிளகுத்தூளிலிருந்து அப்பாவின் கால் விரல்வரை எவ்வளவு போய்ச் சேரும்?

ரசத்திலும் பொங்கலிலும் போடும் மிளகு, மஞ்சளால் பயமில்லை. செறிவூட்டிய பைப்பரின் மாத்திரை வேறு விஷயம், அது வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயின் போன்ற சில மருந்துகளை ரத்தத்தில் ஏற்றிவிடும். வெந்தயம், நிலவேம்புக் கஷாயம் இரண்டும் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கலாம் என்பதால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். புண்ணின் மேல் மஞ்சள் அரைத்துப் பூசவே வேண்டாம்.

புண் ஆறுவதுபோல் தெரிந்தாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரையை விடக்கூடாது. சிவப்பு மேலே பரவினால், காய்ச்சல் வந்தால், விரல் கறுத்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய நாட்டு மருந்துப் பொடி ஏதாவது வீட்டில் இருந்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.